நாற்பத்தேழு வயதில் முதல் பாடம்: பியானோவும் மூளையும்

கடந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசை மாணவி ஒருத்தியை, ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் படித்துச் சென்ற அவளுடைய அக்காவின் பெயரால் அழைத்துவிட்டேன். "மிஸ், அது எங்க அக்கா" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அதே வாரத்தில் அது மூன்றாவது முறை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாம் எல்லோருமே பெயர்களை மாற்றிச் சொல்கிறவர்கள்தாம். ஆண்டுக்கு இருநூறு புதுப்பெயர்கள் வந்து சேரும் தொழில் இது. ஆனால் அன்று மாலை மாடம்பாக்கத்துக்குப் பேருந்தில் திரும்பும்போது எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. காரணம், வீட்டில் அப்பா இருக்கிறார். முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தவர். பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். இப்போது காலையில் சாப்பிட்டோமா என்று மூன்று முறை கேட்கிறார். மறதிநோயின் தொடக்கம் என்று மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு வயது நாற்பத்தேழு.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில், "பியானோ கற்றால் மூளை இளமையாகும்" என்று ஒரு செய்தி வந்தது. வழக்கம்போல ஆதாரம் ஏதும் இல்லை. மாணவர்களிடம் தினமும் "ஆதாரம் என்ன?" என்று கேட்கும் அறிவியல் ஆசிரியர் அதை அப்படியே அடுத்த குழுவுக்கு அனுப்ப முடியாது. எனவே இரண்டு காரியங்கள் செய்தேன். ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். சேலையூரில் பியானோ சொல்லித்தரும், எழுபதைத் தாண்டிய ஓர் ஆங்கிலோ இந்திய அம்மையாரிடம் வாரம் ஒரு வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். நாள் முழுவதும் "மிஸ்" என்று அழைக்கப்படும் நான், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இன்னொருவரை "மிஸ்" என்று அழைக்கிறேன்.

கட்டைகளின் கணக்கு

பியானோ நமக்கு அந்நியமானது என்ற எண்ணம் முதல் வகுப்பிலேயே கலைந்துவிட்டது. "ஒன்றரைக் கட்டை சுருதி", "ஐந்து கட்டையில் பாடுகிறார்" என்றெல்லாம் நாம் சொல்கிறோமே, அந்தக் கட்டை என்பது ஆர்மோனியப் பெட்டியின் கட்டைதான். பியானோவிலும் அதே வரிசைதான். ஏழு வெள்ளைக் கட்டைகள், இடையில் ஐந்து கறுப்புக் கட்டைகள், ஆக ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. முதல் வெள்ளை ஒன்று, அதையடுத்த கறுப்பு ஒன்றரை, அடுத்த வெள்ளை இரண்டு, பிறகு இரண்டரை, மூன்று. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை. அதனால் மூன்றரைக் கட்டை என்று யாரும் பாடுவதில்லை. ஏழரைக் கட்டையும் கிடையாது. ஏழரை மனிதர்களுக்கு மட்டும்தான்.

முழு அளவிலான பியானோவில் 88 கட்டைகள் உண்டு. வெள்ளை 52, கறுப்பு 36. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி, வேகமாக அழுத்தினால் பலத்த ஒலி. 1700-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பர்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்பவர் இந்தச் சுத்தியல் அமைப்பை உருவாக்கினார். சென்னையின் ஈரக்காற்றில் மரப்பலகை உப்பிச் சுருங்குவதால் உண்மையான பியானோவை அடிக்கடி சுருதி கூட்ட வேண்டியிருக்கிறது என்பது என் ஆசிரியையின் நிரந்தரப் புலம்பல். நம்மைப் போன்றோருக்கு 61 கட்டைகள் கொண்ட மின்னணு விசைப்பலகை போதும்.

சரளி வரிசை பாடத் தெரிந்தவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு கட்டையைச் சட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் சங்கராபரணத்தின் சுரங்கள் வந்துவிடும். ரியையும் தவையும் மட்டும் ஸ்தாயியில் அவற்றுக்கு முந்தைய கறுப்புக் கட்டைகளுக்கு மாற்றினால் மாயாமாளவகௌளை. கமகம் வராது, கட்டைகளுக்கு நடுவில் வழுக்கிச் செல்ல இதில் வழியில்லை. ஆனால் சிறுவயதில் பாட்டு வகுப்புக்குப் போய்ப் பாதியில் விட்டவர்களுக்கு இது தெரிந்த ஊருக்குள் வேறு தெரு வழியாக நுழைவதைப் போல இருக்கும்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

வாட்ஸ்அப் செய்திக்கு மூலமாக இருந்திருக்கக்கூடிய ஆய்வுகளில் முக்கியமானது, ஜெர்மனியின் ஹனோவரிலும் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவிலும் நடந்தது. 62 முதல் 78 வயது வரையிலான, ஓய்வுபெற்ற, இசைப் பயிற்சி அநேகமாக இல்லாதவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு பியானோ வாசிக்கக் கற்றது. மற்றொரு குழு இசையைக் கேட்டு, அதன் வகைகளையும் கருவிகளையும் அடையாளம் காணக் கற்றது. இரு குழுக்களுக்கும் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வீட்டுப்பாடம் உண்டு. 2023-இல் வெளியான கட்டுரையில், 132 பேரின் முதல் ஆறு மாத மூளைப் படங்களை ஒப்பிட்டிருக்கிறார்கள்.

இரண்டு குழுக்களிலும் செயல்நினைவு மேம்பட்டிருந்தது. செயல்நினைவு என்றால், ஒரு தகவலைச் சில நொடிகள் மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்வது. மனக்கணக்கில் 'மீதி ஒன்று' என்று நாம் நிறுத்தி வைக்கிறோமே, அதுதான். சிறுமூளையின் சில பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் இரு குழுக்களிலும் கூடியிருந்தது. ஒலியை உணரும் வலப்பக்க மூளைப் புறணியின் ஒரு பகுதி, கேட்கக் கற்றவர்களிடம் சற்றுச் சுருங்கியிருந்தது. வாசிக்கக் கற்றவர்களிடம் அப்படியே இருந்தது.

இதில் நான் இரண்டு முறை படித்த இடம் வேறு. பங்கேற்ற அனைவரிடமும் வயதுக்கு உரிய மூளைத் தேய்வு தொடர்ந்துகொண்டுதான் இருந்தது. இசைப் பயிற்சி மூளையை மீண்டும் இளமையாக்குவதில்லை, சில குறிப்பிட்ட பகுதிகளில் தேய்வைத் தடுக்கிறது என்பதே ஆய்வாளர்கள் சொன்ன முடிவு. செய்தி பல கைகள் மாறும்போது இந்த வரிதான் முதலில் உதிர்ந்துபோகிறது.

இதற்கு முன்பே, 2007-இல் அமெரிக்காவில் ஜெனிஃபர் பியூகோஸ் குழுவினர் 60 முதல் 85 வயது வரையிலானவர்களுக்கு ஆறு மாதம் பியானோ சொல்லிக்கொடுத்துச் சோதித்தார்கள். கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திறனிலும் விரைவாகக் குறியீடுகளைப் பொருத்தும் திறனிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்கு எந்த வகுப்பும் இல்லை. எனவே முன்னேற்றம் பியானோவால் வந்ததா, வாராவாரம் ஒருவர் அக்கறையோடு சொல்லிக்கொடுத்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆசிரியர்களாகிய நாம் இரண்டாவதையும் குறைத்து மதிப்பிட மாட்டோம் அல்லவா?

2003-இல் நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. வாசித்தல், பலகை விளையாட்டுகள், இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்தது. இதையும் கவனமாகவே படிக்க வேண்டும். கருவி வாசித்ததால் நோய் வரவில்லையா, அல்லது நோய் உள்ளுக்குள் தொடங்கியவர்கள் முன்கூட்டியே வாசிப்பதை விட்டுவிட்டார்களா? இப்படிப்பட்ட ஆய்வால் இதற்குத் திட்டமான விடை தர முடியாது.

பியானோவில்தான் ஏதோ தனி மந்திரம் இருக்கிறது என்பதற்கும் சான்று இல்லை. ஜெர்மனியில் சராசரி 60 வதினருக்கு மூன்று பந்துகளை மாறிமாறி மேலே வீசிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 2008-இல் வெளிவந்த முடிவு: கற்றுக்கொண்டவர்களின் மூளையில் சில பகுதிகள் பருத்தன. பயிற்சியை நிறுத்தியபின் அந்த மாற்றம் மறைந்தது. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையில் 648 மறதிநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, இரு மொழிகள் பேசியவர்களுக்கு ஒரே மொழி பேசியவர்களைவிட நாலரை ஆண்டுகள் தாமதமாக நோய் தொடங்கியிருந்தது. 2013-இல் வெளியான இந்த ஆய்வில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வேறுபாடு காணப்பட்டது.

நம் வேலைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று: லக்னோ அருகே கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்துகளைக் கற்பித்து மூளைப் படம் எடுத்தார்கள். பார்வைத் தகவலைக் கையாளும் மூளையின் ஆழமான பகுதிகளுக்கும் புறணிக்கும் இடையிலான ஒத்திசைவு கூடியிருந்தது. 2017-இல் இதைப் படித்தவர்கள் வியந்திருக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் பணியாற்றிய ஆசிரியர்களுக்கு அவ்வளவு வியப்பு இருந்திருக்காது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்களை அவர்கள் நேரில் பார்த்தவர்கள். இன்று புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் மாலை வேளைகளில் நம் வகுப்பறை பெஞ்சில் வந்து அமர்ந்து கையெழுத்துப் போடப் பழகும் பாட்டிமாரும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

இவற்றையெல்லாம் இணைத்து விளக்கும் கருத்துக்கு 'அறிவுச் சேமிப்பு' எனலாம். வாழ்நாள் முழுவதும் கற்றவரின் மூளையில் ஒரு வேலையைச் செய்யப் பல பாதைகள் இருக்கும். ஒன்று சேதமடைந்தால் மற்றொன்றின் வழியே சமாளிக்கும். தாம்பரம் சாலையில் நெரிசல் என்றால் உள்தெரு வழியாக வண்டியைத் திருப்புவது போல. சேமிப்பு நோயைத் தடுப்பதில்லை, அதன் அறிகுறிகள் வெளியே தெரியும் நாளைத் தள்ளிப்போடுகிறது. முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்த அப்பாவுக்கே நோய் வந்ததே என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. வராமலிருந்திருக்கும் என்பதல்ல, இன்னும் முன்பே தெரிந்திருக்கலாம் என்பதுதான் இதற்கு விளக்கம். அது ஆறுதலா என்று கேட்டால், கொஞ்சம்.

இடக்கை கற்றுக்கொடுத்தது

வலக்கையால் ஒரு மெட்டு. எளிது. இடக்கையால் நான்கு எண்ணிக்கைக்கு ஒரு கட்டை. அதுவும் எளிது. இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொன்னார் ஆசிரியை. என் இரு கைகளும் ஒன்றையொன்று பார்த்து நின்றுவிட்டன.

இதை நீங்கள் நாளைக்கே வகுப்பில் செய்து பார்க்கலாம். வலக்கையால் காற்றில் வட்டமும் இடக்கையால் சதுரமும் ஒரே நேரத்தில் வரையச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வடிவமாகிவிடும். மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றையின் வழியே கட்டளைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கைகள் இயல்பாகவே ஒன்றையொன்று பின்பற்ற விரும்புகின்றன. பியானோ வாசிக்க, அந்த விருப்பத்தை அடக்கியாக வேண்டும். கண் இரண்டு வரிசைகளில் எழுதிய சுரக்குறிப்பைப் படிக்கிறது. பத்து விரல்களுக்கும் தனித்தனி வேலை. காது தவறைப் பிடித்து உடனே திருத்தச் சொல்கிறது. இவற்றுக்கு நடுவே தாளம் நிற்காமல் ஓட வேண்டும். மூளைக்கு இது நல்ல பயிற்சி என்று சொல்வதற்குக் காரணம் இந்தச் சிரமமே. சிரமம் இல்லாமல் வாசிக்கத் தெரிந்த பாட்டையே திரும்பத் திரும்ப வாசிப்பது மகிழ்ச்சி தரும். புதிதாகக் கற்பதன் பலனை அதிலிருந்து எதிர்பார்க்க முடியாது.

நான்காம் வாரத்தில் எனக்கு ஓர் உண்மை புரிந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக எத்தனையோ பதிவேடுகளில் 'மெல்லக் கற்போர்' என்று எழுதியிருக்கிறேன். இப்போது நானே அந்தப் பட்டியலில். என்னோடு கற்கும் பத்து வயதுச் சிறுமி ஒரு வாரத்தில் முடித்த பாடத்துக்கு எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஆசிரியை என்ன செய்தார்? முழுப் பாட்டையும் எடுத்துவிட்டு இரண்டே அளவுகளை, அதாவது எட்டு எண்ணிக்கைகளை மட்டும் கொடுத்தார். வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். ஒவ்வொரு கையாக வாசித்துவிட்டுப் பிறகு சேர்க்கச் சொன்னார். தவறினால் முதலிலிருந்து தொடங்க விடவில்லை, தவறிய இடத்துக்கு ஓர் எண்ணிக்கை முன்னாலிருந்து வாசிக்க வைத்தார். முதலிலிருந்தே தொடங்கினால் தெரிந்த பகுதிதான் மேலும் மேலும் தெரிந்ததாகும். தெரியாத பகுதி அப்படியே கிடக்கும். செய்யுளை முதல் அடியிலிருந்தே ஒப்பிக்கச் சொல்லி மூன்றாம் அடியில் நிற்கும் பிள்ளையை மறுபடி முதல் அடிக்கு அனுப்புகிறோமே, அதை நினைத்துக்கொண்டேன்.

அவர் ஒரு முறைகூட "இது ரொம்ப ஈஸி" என்று சொன்னதில்லை என்பதையும் கவனித்தேன். நான் நாளுக்குப் பத்து முறை சொல்வேன். ஊக்கம் என்று நினைத்துத்தான் சொல்வேன். ஆனால் வராத ஒன்றை எளிது என்று ஒருவர் சொல்லும்போது கேட்பவருக்கு என்ன தோன்றும் என்பது இப்போது தெரிகிறது. எளிதான இதுகூட எனக்கு வரவில்லையே என்றுதான். மின்சுற்றுப் பாடத்தில் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். "இந்த இடம் எல்லோருக்கும் இடிக்கும், மெதுவாகப் போவோம்" என்கிறேன்.

உறங்கி எழுந்ததும் விரல்கள் முந்தைய இரவைவிட நன்றாக வாசிப்பதைப் பலரும் சொல்வார்கள். அது பிரமை அல்ல. விரல் அசைவுகளின் வரிசையைக் கற்றபின் உறக்கத்தில் மூளை அதை உறுதிப்படுத்துகிறது என்பது சோதனைகளில் நிறுவப்பட்ட ஒன்று. எனவே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட வாரத்தில் ஐந்து நாள் இருபது நிமிடம் மேல். தேர்வுக்கு முதல் நாள் இரவு முழுக்க விழிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அறுபத்தெட்டு வயது, எனக்கு அடுத்த வகுப்பில் கற்கிறார். "டீச்சர், இந்த வயசுல இது எதுக்குன்னு என் பையன் கேக்கறான்" என்றார் ஒருநாள். "நீங்க என்ன சொன்னீங்க சார்?" என்றேன். "நீ இந்த வயசுல செல்லை நோண்டறது எதுக்குன்னு கேட்டேன்" என்றார். வெட்கம்தான் பெரியவர்களுக்கு உண்மையான தடை. விரலின் வேகம் குறைவது உண்மை. ஆனால் எப்படிப் பயில வேண்டும், எங்கே தவறுகிறோம் என்று ஆராயும் பொறுமை நம்மிடம் சிறுவர்களைவிட அதிகம்.

கருவி வாங்கும்போது கட்டைகளை அழுத்தும் வலுவுக்கு ஏற்ப ஒலி மாறுகிறதா என்று பாருங்கள். மாறாதது பொம்மை. அடுக்ககத்தில் குடியிருப்போருக்குத் தலையணி ஒலிபெருக்கி மாட்டும் வசதி அவசியம்; எட்டரை மணிக்கு மேல் கீழ்வீட்டாருக்கும் நமக்கும் நல்லுறவு தொடர வேண்டுமே. பழையது கிடைத்தால் போதும். கலைத் திருவிழாவுக்காகப் பள்ளியில் வாங்கிய விசைப்பலகை இருந்தால், தலைமையாசிரியரிடம் கேட்டுப் பள்ளி முடிந்தபின் அரை மணி நேரம் அதிலேயே பழகலாம். மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்துங்கள். தேர்வு எழுதினால்தான் படிப்பேன் என்பவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்காக ஒன்று: டிரினிட்டி போன்ற அமைப்புகளின் இசைத் தரநிலைத் தேர்வுகளுக்கு வயது உச்சவரம்பு இல்லை. சென்னை அண்ணா சாலையில், 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கலுக்குப் போய்ப் பார்த்தால் விவரம் கிடைக்கும். பியானோ பிடிக்கவில்லையா? வீணை, புல்லாங்குழல், பறை, எதுவும் சரி. புதியதாக இருக்க வேண்டும், கடினமாக இருக்க வேண்டும், விடாமல் தொடர வேண்டும்.

நம் தொழிலிலிருந்தே ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியராக இருந்து, பிறகு தஞ்சையில் சித்த மருத்துவரானார். அந்த வேலைகளுக்கு நடுவே இசையை ஆராய்ந்தார். தம் செலவில் இசை மாநாடுகள் நடத்தத் தொடங்கியபோது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெருநூலான 'கருணாமிர்த சாகரம்' 1917-இல் வெளிவந்தபோது ஐம்பத்தெட்டு. நாம் ஓய்வுபெறும் வயதையொட்டி!

ஓர் எச்சரிக்கையும் தேவை. லான்செட் ஆணையம் 2024-இல் மறதிநோய்க்கு மாற்றியமைக்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இளவயதில் கல்வி இன்மை, காது கேளாமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், தனிமை போன்றவை அதில் உண்டு. இவற்றையெல்லாம் சரிசெய்ய முடிந்தால் ஏறத்தாழ 45 விழுக்காட்டு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. இரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் பியானோ மட்டும் வாங்குவதில் பொருளில்லை. நான் வகுப்பில் சேர்ந்த அதே மாதம் இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. இப்போது காலையில் தேனுபுரீஸ்வரர் கோயில் வரை நடந்துவிட்டு வருகிறேன்.

எட்டு மாதங்கள் ஆகின்றன. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் வரும் அந்தப் புகழ்பெற்ற மெட்டின் எளிய வடிவத்தில், முதல் எட்டு அளவுகளை இரு கைகளாலும் வாசிக்கிறேன். இரவு எட்டு மணிக்கு நான் உட்கார்ந்தால் அப்பாவும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். என்ன பாட்டு என்று தினமும் கேட்கிறார். தினமும் சொல்கிறேன். பிறகு, பழைய வகுப்பறைக் குரலில், தொடையில் தட்டிக்கொண்டே "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணுகிறார். நேற்று ஆறாவது அளவில் நான் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். அவர் தவறவிடவில்லை. "நிறுத்து, அங்கே அரை குறையுது" என்றார். அரைதான் குறைந்தது.